தேதி போடாத மாப்பிள்ளை

கையால் எழுதிய கடிதத்தைப் புகழ்ந்து பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் அப்படி ஒரு மாலை நடத்தப் போகிறார்களாம். பழைய இன்லேண்டு தாளைப் பெரிதாக்கி மேடையில் தொங்கவிடுவார்களாம். "நீங்கதான் சார் எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கீங்க, நீங்க வந்து பேசினா நல்லா இருக்கும்" என்றார் வந்தவர். எடுத்து வைத்திருக்கிறேன் என்பது உண்மைதான். அதனால்தான் புகழ மறுக்கிறேன். கடிதங்களைப் பற்றி உருகுகிறவர்களில் பாதிப் பேர் அவற்றை மறுபடி படித்துப் பார்த்தவர்கள் இல்லை.

நான் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கூடத்துத் தூணில் ஒரு கொக்கிக் கம்பி தொங்கும். வந்த கடிதம் எல்லாம் அதில் குத்தப்படும். பிற்காலத்தில் அந்தக் கம்பியை இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆண்டுவாரியாக அடுக்கினேன். மேலே சிவமயம். அதன் கீழே க்ஷேமம். இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்குப் பதில் எழுதவும். அதற்குப் பிறகு "நிற்க" என்று ஒரு சொல். அங்கே கொஞ்சம் விஷயம் இருக்கும் என்று நம்பிக் கீழே இறங்கினால், மழை இல்லை, மல்லாட்டை விலை கம்மி, பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். முடிந்தது. இதைத்தான் இப்போது இதயத்தின் குரல் என்கிறார்கள்.

அவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை; அதன் விலை பொய் சொல்லாது. எங்கள் மாப்பிள்ளையின் கடிதங்கள் வேறு ரகம்.

என் தங்கைக்குக் கல்யாணம் ஆனது ஐம்பதுகளின் கடைசியில். நைனாவுக்குத் தேரடிப் பக்கத்தில் மல்லாட்டை மண்டி. நான் அப்போதே தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். மாப்பிள்ளைக்கு வடக்கே, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்பாலையில் வேலை. நல்ல சம்பளம், நல்ல உயரம், முத்து முத்தான கையெழுத்து. இந்த மூன்றாவதைப் பார்த்துத்தான் நைனா பெண்ணைக் கொடுத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பெண் பார்க்க வருவதற்கு முன் மாப்பிள்ளை எழுதிய கடிதத்தை மண்டிக்கு வருகிற கமிஷன்காரர்களிடமெல்லாம் காட்டினார். "எய்த்தப் பார்த்தா தெரியும்யா மனுசன" என்றார். மல்லாட்டையைக் கையில் நசுக்கிப் பார்க்காமல் ஒரு மூட்டை வாங்கியதில்லை அவர்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பத்துப் பதினைந்து நாள் எங்கள் வீட்டில் இருந்தார். "அங்க இன்னும் வூடு குடுக்கல மாமா. எல்லாரும் கொட்டாயிலதான் கீறோம். வூடு குடுத்ததும் வந்து அழைச்சிகினு போறேன்" என்று சொல்லி ரயில் ஏறினார். அதிலிருந்து மாதம் ஒரு இன்லேண்டு.

அந்தக் கடிதங்கள் எங்கள் தெருவில் பேர்போனவை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எதிர்வீட்டுத் தமிழ் வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். நைனா நடுக்கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சுற்றி அம்மா, நான், வாத்தியார், பக்கத்து வீட்டுப் பெண்கள். தங்கை சமையலறை நிலைப்படிக்கு அந்தப் பக்கம். கடிதம் அவளுக்கு வராது, மாமனாருக்குத்தான் வரும். மனைவிக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிற வழக்கம் எங்கள் ஜனங்களிடம் அப்போது கிடையாது. எழுதினால் அது வெட்கங்கெட்டதனம். மாமனாருக்கு எழுதிய கடிதத்தில் மனைவி படர்க்கையில், கடைசிப் பத்தியில் வருவாள்.

அந்தக் கடைசிப் பத்தியில்தான் மாப்பிள்ளை தன் வித்தையைக் காட்டுவார். ஒன்று எனக்கு மனப்பாடம். "இரவில் இங்கே உலை வாயைத் திறக்கும்போது வானம் முழுவதும் சிவந்துபோகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் மலைமேல் எரியும் தீபமும், அதைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும் ஒரு முகமும் நினைவுக்கு வருகின்றன."

வாத்தியார் அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு தடவ படிங்க" என்றார். நைனா இன்னொரு தடவை படித்தார். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஒரு முகம் என்றால் யார் முகம் என்று தெருவுக்கே தெரியும். அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத்தன்று மொட்டை மாடியில் பெண்கள் அவளைப் பிடித்து முன்னால் தள்ளி, "நல்லா கைகூப்பும்மா, அங்க ஒருத்தரு பார்த்துகினு கீறாரு" என்று கேலி செய்தார்கள். அவள் சிவந்துபோய்ச் சிரித்தாள்.

எனக்கு மட்டும் அந்தக் கடிதங்களைக் கண்டால் எரிச்சல். காரணம் பொறாமை என்று வாத்தியார் ஒரு முறை ஜாடையாகச் சொன்னார். அது இல்லை. அவற்றில் தேதி இருக்காது. தேதி போட வேண்டிய வலது மூலையில் "கார்காலத்து ஒரு மாலை" என்று இருக்கும். "இளவேனில்" என்று இருக்கும். ஒரு தடவை "நிலவு எழும் நேரம்" என்று இருந்தது. என்றைக்கு எழுதினான் இந்த மனிதன்? அஞ்சல் முத்திரையைத் தேடிப் பார்த்து நானே ஓரத்தில் பென்சிலால் குறிப்பேன். இது என் சுபாவம். ஆபீசில் தேதியில்லாத மனுவை வாங்க மாட்டேன். மேலே தேதி போடாதவன் உள்ளேயும் போட மாட்டான் என்பது என் அனுபவம். மாப்பிள்ளையும் போடவில்லை. வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன், காலம் கனியும், வசந்தம் வரும். எந்த மாதம்? அது மட்டும் எந்தக் கடிதத்திலும் இல்லை.

நைனா பதில் எழுதுவார். அதுவும் பார்க்கத் தகுந்த காட்சி. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையிடம் "எப்போது அழைத்துப் போகிறீர்" என்று கேட்கக் கூடாது. அது மரியாதை இல்லை. ஆகவே "தங்கள் சௌகரியங்களை விவரமாக எழுதவும்" என்று எழுதுவார். அந்தப் பக்கத்து மனிதர் அதைப் படித்து, தன் சௌகரியத்துக்குக் குறைவில்லை என்று எழுதுவார். தாளின் அடியில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டு, நைனா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே குரல் கொடுப்பார்.

"இந்தாம்மா, உன் வூட்டுக்காரருக்கு இன்னா எய்தணும், சொல்லு."

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"நமஸ்காரம்னு எய்துங்க நைனா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

எங்கள் ஊரில் காலத்தைத் தீபத்தால்தான் சொல்வோம். போன தீபத்துக்கு வந்தான், இந்தத் தீபத்துக்குள் கட்டி முடிக்கணும் என்று. கல்யாணமாகி ஒரு தீபம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மாப்பிள்ளை லீவில் ஒரே ஒரு தடவை வந்து, தெருவெல்லாம் அவரைச் சுற்றி நின்று கொண்டாட, இன்னும் வீடு தரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது தீபம் வந்தபோது மொட்டை மாடியில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. ஒருத்தி மட்டும், "இன்னும் இங்கதான் கீறியா?" என்று கேட்டாள். கேட்டவளுக்கு இடுப்பில் குழந்தை. தங்கை மலையைப் பார்க்காமல் கீழே இறங்கிவிட்டாள். ஆனால் மறுவாரம் கடிதம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. எழுத்தின் மகிமை அது. ஓர் இன்லேண்டு போதும், பத்துப் பேர் ஒரு மாதத்துக்கு வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த மார்கழியில் ஒரு காலை, அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தங்கை வயதுதான் இருக்கும். கையில் ஓர் இன்லேண்டு, இன்னும் பிரிக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் நானும் வீட்டில் இருந்தேன்.

"யக்கா, உங்க வூட்டுக்காரரும் எங்க வூட்டுக்காரரும் ஒரே எடத்துல வேல. எனக்குப் படிக்கத் தெரியாது. எங்கூர்ல மணியக்காரர் பையன்கிட்ட குடுத்தா ஊர் பூரா சொல்லிடுவான். அதான், தீபத்துக்கு வந்தப்போ இவரு சொல்லிட்டுப் போனாரு, 'உனுக்கு லெட்டர் எய்தித் தர்றவரோட பொண்டாட்டி தேரடியாண்ட கீறாங்க, எட்டாவது படிச்சவங்க, அவங்ககிட்ட குடுத்துப் படிச்சிக்கோ'னு."

"எய்தித் தர்றவரா?"

"ஆமாக்கா, உங்க வூட்டுக்காரரு! அங்க நம்ம பக்கத்து ஆளுங்க அத்தினி பேருக்கும் அவருதான் எய்தித் தர்றாரு. தங்கமான மனுசனாம்."

தங்கையின் முகத்தில் பெருமை வந்ததை நான் பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஓரத்தைப் பக்குவமாகக் கிழித்து, படிக்க ஆரம்பித்தாள். அவள் கணவன் எழுத்தை அவளே உரக்கப் படிப்பது அன்றுதான் முதல் தடவை. நன்றாகப் படித்தாள். க்ஷேமம் முடிந்தது. தை மாதம் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டு வர வேண்டும் என்ற செய்தி வந்தது. பிறகு கடைசிப் பத்தி.

"இரவில் இங்கே உலை வாயைத் திறக்கும்போது வானம் முழுவதும் சிவந்துபோகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் மலைமேல் எரியும் தீபமும்..."

நிறுத்தினாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, கைகூப்பி நிற்கும் முகம் வரைக்கும் முழுவதும் படித்து முடித்தாள்.

வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயையோ, எங்க வூட்டுக்காரரா இத்த சொன்னாரு? நேர்ல 'சோத்தப் போடு'ன்றதத் தவிர ஒரு வார்த்த வராதுக்கா அந்த வாயில! இன்னொரு தடவ படியேன்."

இன்னொரு தடவை படிக்கச் சொல்லும் இந்த வரியின் குணம் மட்டும் மாறவே இல்லை. தங்கை இன்னொரு தடவை படித்தாள்.

"நீ எப்போ போறே யக்கா? சேர்ந்தே போயிடலாமே."

"எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் வூடு குடுக்கலியே."

"குடுக்கலியா?" வந்தவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாக்கா சொல்றே? அவருக்குத்தான் மொதல்ல குடுத்தாங்க. போன வருசத் தீபத்துக்கும் முந்தியே. எங்க வூட்டுக்காரரும் இன்னும் நாலு பேரும் இத்தினி நாளா அங்கதானே தங்கிகினு இருந்தாங்க. ஒருத்தரு துணி தொவைக்கிறது, ஒருத்தரு சமைக்கிறது, அவரு அல்லாருக்கும் லெட்டர் எய்தறது. ராசா மாதிரி கீறாராம். இப்பத்தான் எங்களுக்குத் தனியா வூடு வந்துச்சு."

இவ்வளவுதான் சங்கதி. வேறு பெண் இல்லை, குடி இல்லை, சூதாட்டம் இல்லை. பிற்காலத்தில் இதைக் கேட்ட சிலர் ஏமாற்றம் அடைந்தார்கள். மாலையானால் மாப்பிள்ளைக்குக் காப்பி வைத்துக் கொடுத்து, காலடியில் உட்கார்ந்து "அண்ணே, இன்னும் கொஞ்சம் உருக்கமா போடுங்க" என்று கேட்க ஐந்து பேர் இருந்தார்கள். மனைவி வந்தால் இவர்கள் போய்விடுவார்கள். அதற்காக ஒரு பெண்ணைத் தீபம் தீபமாக நிறுத்தி வைத்தார். அவளை அவர் மறக்கவும் இல்லை; அழகாக நினைத்துக்கொண்டுதான் இருந்தார். நினைப்பதற்கு ரயில் டிக்கெட் தேவையில்லை.

நைனா மண்டியிலிருந்து வந்ததும் விஷயம் தெரிந்தது. முதலில் நம்பவில்லை. "அடி அண்ணாமலையிலருந்து எவளோ வந்து சொன்னாளாம். இவ்ளோ நல்லா எய்தற மனுசன் பொய் சொல்வாரா?" என்றார். பிறகு மெதுவாக நம்பினார். நம்பியதும் இன்லேண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தங்கள் சௌகரியங்களை விவரமாக எழுதவும் என்று ஆரம்பித்தார்.

தங்கை நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். எதிர்வீட்டு வாத்தியார் அங்கேதான் இருந்தார். அவர் இல்லாத நாள் ஏது.

"அண்ணா, எனக்கு ஒரு கார்டு வாங்கிட்டு வா."

"கார்டா? இன்லேண்டு இருக்குதேம்மா" என்றேன்.

"கார்டுதான்."

நைனா பேனாவைக் கீழே வைத்தார். "கார்டுல எழவு சேதிதான் எய்துவாங்க. குடும்ப விசயத்த யாராச்சும் கார்டுல எய்துவாங்களா? போறவன் வர்றவன்லாம் படிப்பான்."

"படிக்கட்டும் நைனா. அங்க அஞ்சு பேரு கீறாங்களாமே. அவங்களும் படிக்கட்டும்."

"அவரு கூப்புடாம நாமளா அனுப்பினா மானம் போவும். கூப்புட்டு லெட்டர் வரட்டும்."

"லெட்டர் வரும். நல்லாவும் இருக்கும். நீங்க உக்காந்து படிப்பீங்க, சார் கண்ணாடி தொடைப்பாரு, இன்னொரு தீபம் வந்துடும்."

வாத்தியார் செருப்பைத் தேடினார். நைனா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கள் வீட்டில் கடிதத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் யாரும் கேட்டதும் இல்லை.

"நானும் கேட்டுகினுதான் இருந்தேன், அவரு எய்தறத" என்றாள் அம்மா. "உலைன்றாரு, வானம்ன்றாரு. ஒருநாளும் 'அவ ஒடம்பு எப்படி கீது'னு ஒரு வார்த்த இல்ல. நீ போய் கார்டு வாங்கியாடா."

வாங்கி வந்தேன். அவள் எழுதியதை நான் கிட்ட நின்று பார்த்தேன். கையெழுத்து கோணல், நாலைந்து வருஷமாகப் பேனா பிடிக்காத கை. வலது மூலையில் ஊர், தேதி, மாதம், வருஷம், அதன் கீழே தமிழ்த் தேதியும். சிவமயம் இல்லை, க்ஷேமம் இல்லை. அடி அண்ணாமலைப் பெண்ணோடும் அவள் தம்பியோடும் இன்ன கிழமை புறப்படுகிறேன், இன்ன நாள் காலையில் வந்து சேருவேன், ஸ்டேஷனுக்கு வரவும். வீட்டில் தங்கியிருப்பவர்கள் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். தீபத்தைப் பற்றிய வரியை இனிமேல் வேறு யாருக்கும் எழுதித் தர வேண்டாம்.

கார்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளும் தாண்டிப் பதில் வரவில்லை. புறப்படுகிற நாள்வரை வரவில்லை. முந்தின நாள் நைனா, "பதில் வராம எந்த தைரியத்துல போறே? அங்க போய் நின்னு, அவரு வரலன்னா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. தங்கை புளியையும் வறுத்த மல்லாட்டையையும் மூட்டை கட்டிக்கொண்டே, "வரலன்னா வூடு எங்கன்னு கேட்டுகினு நானே போறேன். அந்தப் பொண்ணு வூட்டுக்காரருக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

காட்பாடி போகும் வண்டியில் அவர்களை ஏற்றிவிட்டேன். அடி அண்ணாமலைப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ரயிலில் போகிற குஷியில், வழியனுப்ப வந்த எல்லோரிடமும் பேர் பேராகப் போய்ட்டு வரேன் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகூப்பவில்லை. வண்டி நகர்ந்தபோது, "அண்ணா, அந்தக் கம்பியில இருக்கறத கொஞ்ச நாளைக்கு நைனா கண்ணுல படாம எடுத்து வெச்சிடு. எடுத்து எடுத்துப் படிச்சிகினு இருப்பாரு" என்றாள்.

அடுத்து வந்தது ஒரு கார்டு. நைனா வழக்கம்போல் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பிரிக்கப் போனார், பிரிக்க ஒன்றுமில்லை. வாத்தியார் வரவில்லை. கார்டில் தேதி இருந்தது. "வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். கூட அந்த ஐந்து பேரும் வந்திருந்தார்கள். அவர்கள்தான் கார்டை முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தார்களாம், அவர்கள்தான் அவரை அழைத்து வந்தார்களாம். வீட்டில் கரி நிறைய. கழுவ வேண்டும். இங்கே புளி நன்றாக இல்லை." நைனா அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று தேடினார். "இவ்ளோதானா?" என்றார். அம்மா, "அவ்ளோதான். போய்ட்டா இல்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடமிருந்து எங்களுக்குக் கடிதமே வரவில்லை. தெரு ஓர் இலக்கியகர்த்தாவை இழந்தது. வாத்தியாருக்கு அந்தக் குறை நெடுநாள் இருந்தது. "அந்த மாதிரி எழுத இனிமே யார் இருக்காங்க?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் நடுவில், தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவைக் கொண்டுபோய் விட நான் அங்கே போனேன். சாயங்காலம் வீட்டு முன்னறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எதிரே புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞன், போளூர்ப் பக்கத்தவன், கல்யாணமாகி ஆறு மாதமாம். மாப்பிள்ளை அவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான், ரெண்டு நிமிசம்" என்றார். கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது; கையெழுத்து அப்படியே முத்து முத்தாக இருந்தது. எழுதி முடித்து, தொண்டையைக் கனைத்து உரக்கப் படித்தார். பாலாறு, நிலவு, தென்றல் எல்லாம் வந்தன. இளைஞன் சொக்கிப்போய்க் கேட்டான். உலை மட்டும் வரவில்லை.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தாள். தாளை வாங்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

"தம்பி, நிலாவுல்லாம் இருக்கட்டும். எப்போ கூப்டுக்கறதா இருக்கே?"

"வூடு குடுத்ததும் யக்கா."

"எப்போ குடுப்பாங்க?"

"ஆடி போயி ஆவணியில குடுக்கறதா..."

தாளைக் கணவன் முன்னால் திரும்ப வைத்தாள். "ஆவணின்னு எய்துங்க."

மாப்பிள்ளை பேனா மூடியை மறுபடி திறந்தார். "அழகு கெட்டுப்போவுதேம்மா. கடைசி வரி நல்லா முடிஞ்சிருக்கு."

"கெட்டுப்போவட்டும். எய்துங்க. மேல இன்னிக்கு தேதியும் போடுங்க. இவ்ளோ எடம் சும்மா கெடக்குது."

அவர் என்னைப் பார்த்தார். நான் என் வாழ்நாளில் அவ்வளவு திருப்தியாக யாருக்கும் தேதி சொன்னதில்லை. சொன்னேன். போட்டார்.